பூ விலைப் பக்கத்துக்குப் பின்னால் நீண்ட பாதை

இன்று மதியம் ஒன்று பத்துக்கு உன் வரி மறுபடியும் வந்தது. கீழே அண்ணனின் தோல் கிடங்கில் புது லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். உப்புத் தோலின் வாடை படியேறி வந்து நம் அறையை நிறைத்திருந்தது. இந்த வாடை வந்தாலே துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, “ஏடி, உங்கண்ணன தொழில மாத்தச் சொல்லு, இல்ல எனக்கு மூக்க மாத்து” என்பாய். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சர்வரின் வருகைப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பு அது. திரையின் அடியில் என் பெயரோடு புதிதாக ஒரு வரி ஏறியது.

/விலை/நூரு/சாப்டியா

நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது.

இந்த வரியை முதல் தடவை பார்த்தது போன மாதம். நல்ல வெயில் நேரம். ரோட்டில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன, கீழே ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வெளிச்சத்திலும் நான் சட்டென்று எழுந்துவிட்டேன். உன் நாற்காலி இருந்த மூலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். அங்கே இப்போது பிரிண்டர் இருக்கிறது.

எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்கிறாளே என்று சிரிக்காதே. வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் என் பயம் தெளியும் போலிருக்கிறது.

படித்து முடித்து நாம் இருவரும் சேர்ந்த முதல் வேலையில் காலையிலேயே போனை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பேசினாலும் முறைப்பார்கள். நீதான் வழி கண்டுபிடித்தாய். பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, அதற்குப் பின்னால் எதை எழுதினாலும் சர்வர் கோபித்துக்கொள்ளாமல் அதே பக்கத்தைத்தான் காட்டும். ஆனால் எழுதியது முழுக்க வருகைப் பதிவில் ஏறிவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துவிடுவாய்; இங்கே நான் அதைத் தமிழிலேயே எழுதுகிறேன். எதிர் மேஜையில் நான் பதிவைத் திறந்து வாசித்து, அதே மாதிரி பதில் எழுதுவேன். ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல நடித்து வெளியே ஓடினேன். வெளியே வந்து பார்த்தால் நீ எனக்கு முன்னாலேயே அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு அண்ணனின் கிடங்குக்கு மேலே நமக்கென்று இந்த அறையைப் பிடித்தோம். கையில் போன் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் காலையில் பூவைப் பறித்து மூட்டை கட்டிய பிறகுதான் மார்க்கெட் நிலவரம் தெரிந்துகொள்கிறார்கள் என்று பூ விலைக்கு ஒரு தளம் செய்தாய். அதில் ‘விலை’ என்பது ஒரே ஒரு நிரல். அதற்குப் பின்னால் மல்லி என்று வந்தால் மல்லி விலை; மல்லி, அதன் பின்னால் நேத்து என்று வந்தால் நேற்றைய விலை. பின்னால் நீளும் அந்தப் பாதையை ஏற்பதா, ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று திருப்பி அனுப்புவதா என்பதைச் சர்வர் அமைப்பில் ஒரே ஒரு வரி முடிவு செய்யும். தெரியாத பெயர் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன்.

“வாசல்ல வந்து நிக்கிறவங்கள என்ன வேணும்னு கேக்காமலே வெரட்டுவியா? இருந்துட்டுப் போகட்டும்டி” என்றாய். அந்த வரி ஆன் என்றே இருந்தது.

பக்கத்தின் அடியில், கடைசியாகக் கேட்ட பாதைகளை இணைப்பாகக் காட்ட ‘சமீபத்தில் பார்த்தவை’ என்று ஒரு பெட்டி வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். “ஏனுங்க, உங்க பக்கத்துல நூருன்னு ஒரு பூ போட்டிருக்குதுங்க. அது எந்தப் பக்கம் வெளையுதுங்க?” நீ கொஞ்சமும் சிரிக்காமல், “அது திண்டுக்கல்ல மட்டும்தாங்க பூக்கும். வாசம் கம்மி, வாய் அதிகம்” என்றாய். அன்றே அந்தப் பெட்டி கண்ணில் படாதபடி மறைத்துவிட்டாய். எடுக்கவில்லை, மறைத்தாய். அந்த வித்தியாசத்தை நாம் இருவருமே அன்று யோசிக்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

மதுரையில் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தேன். முடியில்லாத உன் தலையையும், ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையையும் பார்த்தேன். நீ, “செத்த நேரம் இருந்துட்டுப் போடி” என்றாய். பஸ் போய்விடும் என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். அதற்குப் பிறகு வரவில்லை. உன்னை ரெட்டியார்சத்திரத்துக்கு, வீட்டுக்கு, அழைத்து வந்த பிறகும் வரவில்லை. அரை மணி நேரப் பயணம். வேலை இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். வருகைப் பதிவையும் திறக்கவில்லை. திறந்தால் நீ எழுதியிருப்பாய், எழுதியிருந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பயம். உன் நோயைப் பார்த்துப் பயம், உன்னிடம் என்ன பேசுவது என்று பயம். நான் கோழையாக இருந்தேன், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்குப் போனபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நூருக்குப் போன் போட்டுப் பேசுன்னு அம்புட்டுத் தடவ சொன்னேம்மா. ‘வேணாம்மா, அவ பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. நான் எழுதுனதும் பக்கம் தொறக்குது பாரு, அப்ப அவ இருக்கான்னு அர்த்தம்’னு சொல்லும். படுத்துக்கிட்டே போன்ல எதையாச்சும் தட்டிக்கிட்டு இருக்கும். நீ பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பக்கம் திறப்பதற்கு நான் இருக்க வேண்டியதே இல்லை என்பது உனக்குத் தெரியாதா? யார் என்ன எழுதினாலும் சர்வர் 200 என்று போட்டு, ‘சரி, இருக்கிறது’ என்றுதான் பதில் சொல்லும். நீ அமைத்ததுதான். அம்மாவைத் தேற்றச் சொன்னாயா, உன்னையே தேற்றிக்கொண்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து பதிவைத் திறந்தேன். ஏழு நாளுக்கு முந்தைய பதிவுகளைத் தானாக அழிக்கும்படி வைத்தவள் நான். நீ போய் அதற்குள் பதினாறு நாள் ஆகிவிட்டது. நீ எழுதியவற்றில் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் அந்த வரி வந்தது. மறுநாளும் வந்தது, கொஞ்சம் நீளமாக. /விலை/நூரு/விலை/நூரு/சாப்டியா. அதற்கடுத்த நாள் இன்னும் நீளம். நூரு, நூரு, நூரு என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ விடாமல் கூப்பிடுவது மாதிரி இருந்தது. நான் பதிவை மூடிவிட்டு அண்ணனின் கிடங்கில் போய் உட்கார்ந்தேன். “பேயடிச்ச மாதிரி இருக்க, என்னம்மா?” என்றார் அண்ணன். தோல் வாடை அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்தாம் நாள் வந்தது நான் அதுவரை பார்த்தே இராத ஒரு வரி.

/விலை/நூரு/இன்னைக்கு/கஞ்சி/குடிச்சேன்

உட்கார்ந்து தேடினேன். கேட்டது ஒரு தேடுபொறியின் எந்திரம். ஊர் ஊராக இணையப் பக்கங்களை மேய்ந்து முகவரிகளைச் சேர்த்து வைக்குமே, அது. நீ மறைத்த பெட்டி மனிதர் கண்ணுக்குத்தான் மறைந்திருந்தது, எந்திரத்துக்கு இல்லை. நீ வீட்டில் படுத்தபடி எழுதியதெல்லாம் அந்தப் பெட்டியில் இணைப்பாக விழுந்திருக்கிறது, எந்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. இணைப்புகளுக்கு முன்னால் நீ ஒரு சாய்கோடு போட மறந்ததால், ஒவ்வொரு தடவையும் ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நான் அழித்ததை ஒரு எந்திரம் ஞாபகம் வைத்திருந்து, தினம் ஒன்றாகத் திருப்பிக் கொண்டுவருகிறது. பேய் இல்லை. ஆனால் எந்திரம் ஏன் தினமும் நாம் சாப்பிட உட்காரும் ஒன்று பத்துக்கு வருகிறது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. சிறுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு மதியம், /விலை/நூரு/அங்க/மழையா என்று வந்ததற்கும் இல்லை.

பயம் போய்விடவில்லை, ஆனால் காத்திருக்க ஆரம்பித்தேன். வலி இல்லை என்று ஒரு நாள். அம்மா அழுகிறாள் என்று ஒரு நாள். ஃபேன் சத்தம் பிடிக்கலைடி என்று ஒரு நாள். ஒவ்வொன்றையும் இந்த நோட்டில் எழுதி வைத்தேன். வராமல் போன நாட்களுக்காக இப்போது வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் அந்த நெய்க்காரப்பட்டி அம்மா மறுபடி போன் செய்தார்கள். “தேடிப் பாத்தமுங்க. உங்க பக்கத்துல இன்னைக்கு வெலை இல்லைன்னு வந்துச்சுங்க. மார்க்கெட்டு லீவாட்ட இருக்குதுன்னு பறிக்காம விட்டுட்டமுங்க. அத்தனை மொக்கும் செடியிலயே விரிஞ்சு போச்சுங்க.” அவர்கள் அனுப்பிய முகவரியைப் பார்த்தேன். என் பெயர் நான்கு தடவை, கடைசியில் மல்லி. எந்திரம் சேர்த்த பொய் முகவரிகளைத் தேடுபொறி உண்மைப் பக்கம் என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறது. நம் நிரலுக்கு அந்தப் பாதை புரியாமல் விலை இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஒரு மாதமாக இது எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் வரிகளுக்காக விட்டு வைத்திருந்தேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பூவுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்து, பழைய சரியான முகவரிகளை அவற்றுக்குத் திருப்பிவிட்டு, சர்வர் அமைப்பில் அந்த ஒரு வரியை ஆஃப் என்று மாற்ற வேண்டும். அதன் பிறகு பின்னால் எது நீண்டாலும் சர்வர் இல்லை என்று சொல்லிவிடும். இல்லை என்று பதில் வந்த முகவரியை எந்திரம் ஒன்றிரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு மறந்துவிடும். அதனிடம் உன் வரிகள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ, எனக்குத் தெரியாது. பக்கங்களை எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிமேல் மட்டும் கை போகவில்லை.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். சாயங்காலம் ஆட்கள் கிடங்கைப் பூட்டுமுன் அதை ஆஃப் என்று மாற்றி, சர்வரை மறுபடி ஓடவிட்டேன். நெய்க்காரப்பட்டி அம்மாவைக் கூப்பிட்டு, இனி அப்படி வராது, தப்பு எங்களுடையதுதான் என்று சொன்னேன். “பரவாயில்லைங்க, இன்னொரு அம்மிணி இருப்பாங்களே, அவங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். நீ இல்லை என்று அவர்களிடம் சொன்னேன். நான் வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்று மதியம் ஒன்று பத்துக்கு வரி வந்தது.

/விலை/நூரு/இருக்கியா

அதன் பக்கத்தில் 404. அப்படி ஒரு பக்கம் இல்லை.

நீ இதைக் கேட்ட நாளில் நான் இல்லை. சர்வர் எனக்குப் பதிலாகச் சரி என்று சொல்லி உன்னை அனுப்பியிருக்கிறது. இன்று நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், அது இல்லை என்று சொல்லிவிட்டது. “இருக்கேன்டி” என்றேன், சத்தமாகவே. கேட்டது எந்திரம் என்று தெரிந்துதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போகிறேன். அன்று பார்த்தேன் என்று சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு, இந்த நோட்டை முதல் வரியிலிருந்து அவர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.