பந்தெறிந்து படித்த இங்கிலீஷ்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு உண்டா என்றால் உண்டு, அதைக் கீழே எழுதியிருக்கிறேன், படிக்கிற நேரத்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பாய், சிரித்துக்கொள், போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ அப்பா அப்பா என்று குறுக்கே விழுவாய், காகிதத்தில் அந்த வேலை நடக்காது. சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நம் வீட்டுத் தூசியெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது, வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், அவள் டாக்டர் வீட்டுக்கே ஆட்டோவில்தான் போகிறாள். மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை, விசேஷமெல்லாம் நீ என்னைத் தள்ளிவிட்ட அந்த இங்கிலீஷ் வகுப்பில்தான்.

குட்டி ஏன் போனுக்கு வருவதே இல்லை என்று நான் கேட்டதற்கு, நீங்க பேசுற இங்கிலீஷ் அவளுக்குப் புரியலப்பா, ஒரு நல்ல கிளாஸ்ல சேருங்க என்று சொன்னாய். அவளுக்குத் தமிழ் வராது, மாப்பிள்ளைக்கு நம் பாஷை தெரியாது, நீ சொல்லிக்கொடுக்கவும் இல்லை, சரி, பேத்தியோடு பேச வேண்டுமென்றால் கிழவன்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும் போலிருக்கிறது என்று போனேன். இடம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி. பெஞ்சு கிடையாது, மேஜை கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள், சுவரில் கண்ணும் வாயும் வைத்த பென்சில் ஒன்று எல்லாரையும் பார்த்து இளிக்கிறது. டீச்சர் என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ, கழுத்தில் விசில். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை, ஒரு பஞ்சுப் பந்தை எடுத்து என் மேல் எறிந்தாள். பந்தைப் பிடித்தவர் தன் பேரையும் தனக்குப் பிடித்த பழத்தையும் சொல்ல வேண்டுமாம். பம்ப் கம்பெனியில் ஆயுசு முழுக்கத் தரப் பரிசோதனை பார்த்தவன் நான், வால்வில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கினவன், ரிஜெக்ட் சார் வர்றார் என்றால் ஷெட்டே கப்சிப் என்று ஆகிவிடும், அப்பேர்ப்பட்டவன் பனானா என்று கத்திக்கொண்டு பந்தை ஒரு சலூன்காரர் மேல் எறிந்தேன். அன்றைக்கே அவளுக்குப் பந்து டீச்சர் என்று பேர் வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் அவள் ஆக்டிவிட்டி என்கிறாள், நான் கூத்து என்கிறேன். ஒரு நாள் எல்லார் நெற்றியிலும் சீட்டு ஒட்டினாள், தன் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேள்வி கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். டூ ஐ ஹேவ் லெக்ஸ் என்று கேட்டேன், எஸ் என்றார்கள், டூ ஐ கோ டு ஒர்க் என்று கேட்டேன், எல்லாரும் சேர்ந்து நோ என்றார்கள், ரிடையர் ஆனவன் என்றுதான் எழுதித் தொலைத்திருக்கிறாள் என்று நினைத்தேன், கடைசியில் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கி. இன்னொரு நாள் ஓடிக்கொண்டே டிக்டேஷன். வாக்கியத்தை வராந்தாக் கடைசியில் சுவரில் ஒட்டிவிடுவாளாம், ஜோடியில் ஒருத்தர் ஓடிப்போய்ப் படித்து மனசில் வைத்துக்கொண்டு ஓடிவந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். எனக்கு ஜோடி ஒரு சிமெண்ட் கடைக்காரர், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உடம்பு, அவர் நிதானமாக நடந்து போய்ச் சுவரைப் போனில் போட்டோ எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வகுப்பில் புத்தியுள்ள காரியம் நடந்தது அது ஒன்றுதான், அதற்கும் அவள் விசில் ஊதினாள். நீச்சல் தெரிந்தவர் யார், பூனை வளர்ப்பவர் யார் என்று ஒவ்வொருத்தரிடமும் போய் இங்கிலீஷில் விசாரிக்கிற ஆட்டம் ஒன்று, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லாரும் தமிழில் குசுகுசுத்து முடித்துவிட்டு, ஊருக்காக உரக்க ஒரு எஸ் ஐ கேன் போடுகிறார்கள். வீட்டுப்பாடம் என்னவென்றால் வீட்டுச் சாமான் மேலெல்லாம் இங்கிலீஷ் பேர் எழுதி ஒட்டுவது. உன் அம்மாவுக்கு இதில் அப்படி ஒரு குஷி, நான் எழுதி வைத்ததை ஃபிரிட்ஜ், சுவிட்ச், பக்கெட் என்று ஒட்டித் தீர்த்தாள், ஓல்ட் சேர் என்கிற சீட்டை நான் அசந்த நேரம் பார்த்து என் முதுகில் ஒட்டிவிட்டாள், நான் அதோடு தெருவில் இறங்கிப் போய் முட்டை வாங்கி வந்தேன்.

சிரிப்பை நிறுத்து, இதைக் கேள். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு ஆட்டம், ரெண்டு உண்மை ஒரு பொய். தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும், அதில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், எது பொய் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பொய் சொல்லிப் படிக்கிற பாஷை உருப்படுமா என்று எனக்கு அப்போதே எரிச்சல். எழுந்து நின்று, எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் என்னோடு பேசுகிறாள், இந்த வகுப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். மூன்றாவதுதான் பொய் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், பந்து டீச்சர் முகமெல்லாம் பூரித்துப் போய்க் கை தட்டினாள். நான் திருத்தவில்லை. ரெண்டாவதுதான் பொய் என்று அத்தனை பேர் நடுவில் எந்த வாயால் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவ தூங்குறாப்பா, அவ படம் வரையிறாப்பா, அவளுக்கு மூடு சரியில்லப்பா என்று உன் குரலைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

போன வாரம் ரயில்வே ஸ்டேஷன் ஆட்டம். ஒருத்தர் ஊருக்குப் போகிறவர், ஒருத்தர் வழியனுப்ப வந்தவர், நடிக்க வேண்டும். எனக்கு ஜோடி ஒரு நர்ஸ் பெண். டிக்கெட் எடுத்தீங்களா, பெட்டி பத்திரம் என்றெல்லாம் இங்கிலீஷில் பேசி, கிளம்புகிற கட்டம் வந்தது, நான் ஓகே சிஸ்டர், ஐ ஆம் கமிங் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். விசில் ஊதினாள். சார், நீங்க போறவரு, வர்றவரு இல்ல என்றாள். போறவன்தாம்மா, அதனாலதானே வரேன்னு சொல்றேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு, மற்றவர்களைச் சொல்லச் சொன்னாள். சிமெண்ட் கடைக்காரர் ஐ கோ அண்ட் கம் என்றார், சலூன்காரர் ஓகே ஐ கம் என்றார், போயிட்டு வாங்க என்பதற்காக நர்ஸ் பெண் என்னைப் பார்த்து கோ அண்ட் கம், கோ அண்ட் கம் என்று கையாட்டினாள். ஒருத்தர் வாயிலாவது கோயிங் என்று வர வேண்டுமே. எப்படி வரும், வாசல்படி தாண்டும்போது போறேன் என்று சொன்னவனை உன் அம்மா சும்மா விடுவாளா, திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, வரேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள், நீயும் பட்டவள்தான். பந்து டீச்சர் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கோயிங், இந்தப் பக்கம் வந்தால் கமிங் என்று எங்களை மந்தை மாதிரி போகவும் வரவும் வைத்தாள். அப்புறம் தமிழில் சொன்னாள், சார், போன்ல பேசி முடிக்கிறப்ப இங்கிலீஷ்காரங்ககிட்ட போய் ஐ ஆம் கமிங்னு சொன்னீங்கன்னா, பாவம், நிஜமாவே நீங்க வர்றீங்கன்னு கதவைத் திறந்து வெச்சுட்டுக் காத்துட்டு இருப்பாங்க என்று. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் அந்தக் கோட்டு மேலேயே நின்றுவிட்டேன்.

வகுப்பில் சேருவதற்கு முன்னால் குட்டி போனில் பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. குட்டி ஏதோ குளம், வாத்து என்று வாய் ஓயாமல் பேசினாள், எனக்குப் பாதிதான் புரிந்தது, முடிக்கும்போது ஓகே கண்ணு, தாத்தா இஸ் கமிங் என்றேன், அவள் கீச்சென்று கத்திப் போனைப் போட்டுவிட்டு ஓடினாள், சந்தோஷத்தில் விளையாடப் போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, எங்கே இருக்கிறாய் தாத்தா என்று கேட்டாள், ஹியர் ஒன்லி கண்ணு, கமிங் கமிங் என்றேன். அதோடு சரி, அதற்கப்புறம் அவள் குரலை நான் கேட்கவே இல்லை. வகுப்பிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் உரித்த பல்லையே திரும்பத் திரும்ப உரித்தாள், அப்போதே தெரிந்துவிட்டது இவளுக்கு விஷயம் தெரியும் என்று. கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு குழந்தை வாசல் கதவடியில் உட்கார்ந்திருந்தாளாமே, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாமே, அங்கேயே தூங்கிப்போனாளாமே. அடுத்த வாரமும் அதே கதையாமே. அதற்கப்புறம் தாத்தா பொய் சொல்றாரு என்று சொல்லிவிட்டுப் போன் பக்கமே வரவில்லையாமே. அப்பாகிட்ட சொல்லாதம்மா, மனசு கஷ்டப்படுவாரு என்று நீ சொன்னாயாம், இவளும் வாயில் துணியை அடைத்துக்கொண்டாள்.

நல்ல பிள்ளைகள் நீங்கள். நோய் என்னவென்று சொல்லாமல் மருந்தை மட்டும் அனுப்பி, என்னை ஒட்டகச்சிவிங்கி ஆக்கினாய். இவ்வளவு படித்தவள், ஒரு ஆபீஸையே மேய்க்கிறவள், குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்க பாஷையில போறவங்க வரேன்னுதான்டி சொல்லுவாங்க, திரும்பி வரணும்கிற ஆசையில சொல்றது அது என்று ஒரு வரி சொல்ல உனக்கு நேரமில்லை. தாத்தா ஜோக் பண்ணினார் என்று சொல்லிச் சமாளித்தாயாமே. நான் ஜோக் பண்ணுகிறவன் என்று கம்பெனியில் போய்ச் சொல்லிப் பார், அதற்குத்தான் சிரிப்பார்கள். உன் மேல் கோபம் தீரவில்லை, தீர்ந்ததும் சொல்கிறேன். போவதற்கும் வருவதற்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு பாஷையைச் செய்து வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேலும்தான் கோபம்.

நேற்று வகுப்பு முடிந்ததும் பந்து டீச்சரைத் தனியாக நிறுத்தி, போனை வைக்கும்போது குழந்தையிடம் சொல்ல ஒரு சொல் கொடும்மா, போறேன் என்றும் இருக்கக் கூடாது, பொய்யாகவும் இருக்கக் கூடாது என்று கேட்டேன். பை சொல்லுங்க என்றாள், அது கடைக்குக் கொண்டுபோகிற பை மாதிரி இருக்கிறது. சீ யூ என்றாள், எங்கே பார்க்கிறோம். டேக் கேர் என்றாள், அது கொரியர்காரன் பெட்டி மேல் எழுதுகிறது. கோயிங் என்று அந்தக் குழந்தை காதில் என் வாயால் சொல்ல மாட்டேன், செத்தாலும் மாட்டேன். எல்லாவற்றையும் ரிஜெக்ட் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு செய்துவிட்டேன். வாக்கியத்தைத் திருத்த வழியில்லை, அதனால் நான் வந்துவிடுகிறேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் குளிர் ஆகாது, அங்க எனக்கென்ன வேலை என்று தட்டிக்கழித்தவன்தான், இப்போது வேலை இருக்கிறது. காலையில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனோம், அங்கேயும் பல்லைக் காட்டச் சொல்வானோ என்று பயந்தேன், சிரிக்கவே கூடாதாம், உலகத்தில் இன்னும் ஒழுங்கான இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மாவும் வருகிறாள், முழங்காலும் கூட வருகிறது, படி ஏறாத அறையாகப் பார்த்து வை.

இந்த ஞாயிறு குட்டி வரமாட்டேன் என்றாலும் போனை அவள் காதில் வை. அவள் பேச வேண்டாம், என்னை லையர் என்று திட்டினாலும் நீ குறுக்கே விழாதே. தாத்தா இஸ் கமிங் என்று ஒரு தடவை சொல்வேன், பந்து டீச்சர் விசில் ஊதட்டும் பார்க்கலாம். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவரை ஸ்வெட்டர் போடச் சொல். டிக்கெட் போட்ட பிறகு தேதி சொல்கிறேன், அதுவரைக்கும் குழந்தையின் ஷூவை எடுத்து உள்ளே வை, மறுபடியும் கதவடியில் உட்கார்ந்துவிடப் போகிறாள்.

வரேன், இது போறேன் இல்லை,
உன் அப்பா