ரத்தத்தில் ஒன்றும் இல்லை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாரும் நலமில்லை, அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அத்தான் வந்து பிடுங்கிக்கொள்கிறார். யாரோ ஒட்டுக் கேட்கிறார்களாம். அதனால் குடிநீர் அலுவலகத்தில் என் புகார் கவுண்டரில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்று வந்தவர்களைக் கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுவது எப்போதும் அவர்தான். ஒரு பிசகு வந்ததில்லை. இந்தத் தடவை ஒரே வரலாற்று டீச்சரை ஒரே நேரத்தில் மூன்று வகுப்புக்குப் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, “அந்தம்மாவால முடியும், உங்களுக்குத்தான் தெரியல” என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த வாரம் தலைமை ஆசிரியர் மேல் சாக்பீஸ் டப்பாவை எறிந்தார். லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சமையலறைக் குழாய் சொட்டினால் அது யாருக்கோ தகவல் சொல்கிறது என்று துணி சுற்றி வைத்திருக்கிறார். தூக்கம் கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பூந்தொட்டியில் புதைக்கிறார். செடி மட்டும் நிம்மதியாக இருக்கிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தேன். கத்தவில்லை, முறைக்கவில்லை. கடையில் என்ன வாங்கணும் என்று கேட்கிற குரலில், “உன்ன எனக்கு ஒரு நாளும் பிடிச்சதில்ல. சொல்ல வேண்டாம்னு இருந்தேன்” என்றார். நான் மிச்சத் துணியையும் மடித்து வைத்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை இதோடு வைத்திருக்கிறேன். நோயா கொழுப்பா, அதை மட்டும் சொல். நோய் என்றால் இருந்து பார்க்கிறேன். கொழுப்பு என்றால் பெட்டியைக் கட்டுகிறேன்.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

முதலில் ஒன்று. தம்பி டாக்டர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். உன் எதிர்வீட்டுக்காரர் முழங்கால் எக்ஸ்ரே அனுப்பியிருக்கிறார். நான் எலிக்குக்கூட டாக்டர் இல்லை. எலி மூளையிலிருந்து எடுத்த செல்களுக்குக் காவல்காரன், அவ்வளவுதான்.

முடிவுகளை இங்கே ஒரு நிஜ டாக்டரிடமும் காட்டினேன். கிருமி இல்லை, உப்பு சரி, தைராய்டு சரி. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வேலைப் பளுவாக இருக்கும். ஓய்வு எடுக்கட்டும். கோபத்தில் சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாயே, இப்போது கேள். மூளை ஒரு நீருக்குள் மிதக்கிறது. ரத்தம் அதற்குள் நேராகப் போக முடியாது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி விடாமல் ஒட்டி நிற்கின்றன. அந்த நீரைச் சுரக்கிற திசுவிலும் அப்படி ஒரு தடுப்பு உண்டு. சர்க்கரையை விடும், பல நஞ்சுகளை விடாது, பிடிவாதமாகப் பாதி மருந்தையும் விடாது. மூளை நோய்கள் பலவற்றில் இந்தத் தடுப்பு எங்கோ கசிகிறது. அந்தச் செல்களைச் சின்னக் கிண்ணத்தில் வளர்த்து, கசிவை அளப்பதுதான் என் வேலை. எல்லாமே உள்ளே போய்விடக் கூடாது அக்கா, அதற்குத்தான் அந்தச் சுவர். ரத்தத்தில் நடப்பது நீருக்குத் தெரியாது, நீரில் நடப்பது ரத்தத்துக்குத் தெரியாது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு அது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். இரண்டாம் தடவை படித்ததும் உன்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

முதல் பக்கத்தில் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஓய்வு எடுக்கட்டும் என்கிறாய். அடுத்த பக்கத்தில் நீரில் நடப்பது ரத்தத்துக்குத் தெரியாது என்கிறாய். அப்புறம் எதை வைத்து அவர் மூளைக்கு நற்சான்றிதழ் கொடுத்தாய்? எங்கள் இன்ஜினியரும் இப்படித்தான். தெருக்குழாயில் சாக்கடை நாற்றம் என்று ஜனங்கள் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். அவர் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைச் சோதித்துவிட்டு ‘குறை இல்லை’ என்று கையெழுத்துப் போடுவார். திட்டு வாங்குவது கவுண்டரில் நான்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நீ ஒரே ஆளாக இரண்டையும் செய்கிறாய். அந்த நீரை யார் பார்ப்பார்கள், எப்படி எடுப்பார்கள் என்று எழுது. அழகு கிழகு வேண்டாம்.

அக்கா

ஜூன் 18

அக்கா,

நீ சொன்னது சரி. எலி என்றால் முதல் நாளே அந்த நீரைத்தான் எடுத்திருப்பேன். அத்தான் என்றதும் என் புத்தி வேலை செய்யவில்லை.

நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போ, இன்றைக்கே. வாய் இழுப்பதை மறக்காமல் சொல், அது வலிப்பாக இருக்கலாம். கீழ் முதுகில் ஊசி போட்டு, முதுகெலும்புக்குள்ளும் இறங்கி நிற்கிற அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் நடை போய்விடும் என்று உன் அலுவலகத்தில் ஒருவராவது சொல்வார். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள், பயப்படாதே. அவர் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். சனிக்கிழமை ரயிலில் நான் வருகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் உன்னை உளவாளி என்று கத்தினார், நீ அவர் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டே “ஆமா அத்தான், உளவாளிதான், கொஞ்சம் ஆடாம படுங்க” என்றாய். அதற்காக உன்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் கழித்துவிட்டேன்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவர் மூளையைக் கடித்துக்கொண்டிருந்ததாம். நீரில் அத்தனை தெளிவாகத் தெரிந்தது ரத்தத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். மருந்து ஏற்றி ஏற்றி, போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெலிந்து போயிருக்கிறார். வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறார். ஆனால் அவர்தான். வந்ததும் குழாயில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, “இது யாரு வேல? வாஷர் மாத்தத் தெரியாதா?” என்று கேட்டார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அதுதான் தொல்லை. குழாய் ஒட்டுக் கேட்டது நோய். நீ உளவாளி என்றது நோய். அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னது? சுவர் உடைந்ததால் வெளியிலிருந்து உள்ளே புகுந்த வார்த்தையா, இத்தனை வருடம் உள்ளே இருந்து வெளியே வந்த வார்த்தையா? சுவரைப் பற்றித் தெரிந்தவன் நீ. மழுப்பாமல் எழுது.

உன் அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

ஐந்து தாள் எழுதிக் கிழித்தேன். நோய்தான் அப்படிப் பேசியது என்று எழுதினால் நீ தூங்குவாய், ஆனால் மழுப்பாதே என்று கேட்டிருக்கிறாய்.

எனக்குத் தெரியாது. இந்த நோயில் இல்லாததை நம்புவார்கள், நிஜமாகவே நம்பிச் சொல்வார்கள். அது மட்டும் உறுதி. அந்த ஒரு வாக்கியம் எதிலிருந்து வந்தது என்று அளக்க என் கிண்ணத்தில் வழியில்லை, யாருடைய கிண்ணத்திலும் இல்லை. அத்தானிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா?

தம்பி

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

தெரியாது என்று சொல்ல ஐந்து தாளைக் கிழித்தாயா? இதற்கு எங்கள் இன்ஜினியரே தேவலை, ஒரே வரியில் முடித்துவிடுவார். இருந்தாலும் பொய் எழுதாமல் விட்டாயே, அந்த மட்டில் சரி.

நீ பேச வேண்டாம். நேற்று அவரே கேட்டார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகப் பழக்கமாக இருக்கட்டும் என்று பழைய கால அட்டவணையை வைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலைக் கீழே வைத்தார்.

“உடம்பு சரியில்லாதப்ப உன்ன ஏதாவது சொன்னேனா?”

“குழாய் ஒட்டுக் கேக்குதுன்னு சொன்னீங்க.”

“அததான் ஏற்கெனவே சொல்லிட்டியே. உன்ன ஏதாவது சொன்னேனா?”

“என்ன ஒண்ணும் சொல்லல.”

அவர் பார்வை என் கைக்குப் போனது. “பொய் சொன்னா நீ புடவைத் தலைப்ப மடிப்ப” என்றார். குனிந்து பார்த்தேன், மடித்துக்கொண்டுதான் இருந்தேன். இருபது வருடமாக இந்த மனுஷன் இதைக் கவனித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. அந்த வரலாற்று டீச்சரை மூன்றாம் பீரியடில் இருந்து அழித்துவிட்டு, நாலாம் பீரியடில் போட்டார்.

எல்லாமே உள்ளே போய்விடக் கூடாது என்று எழுதியிருந்தாயே, அதை நம்பித்தான் சொல்லாமல் விட்டேன். பெட்டியை அன்றைக்கு இழுத்து இறக்கிவிட்டேன், திரும்பப் பரணில் ஏற்ற எனக்கு எட்டவில்லை, அவரும் இப்போதைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். நீ வரும்போது ஏற்றி வை. அதை நான் ஏன் இறக்கினேன் என்று அவர் கேட்டால், உனக்கும் தெரியாது.

உன் அக்கா