ஆயா அசிஸ்டெண்ட் ஆன நாள்

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் ஆயா. பள்ளி மணி அடிப்பதும் நான்தான். ஆயா சம்பளத்தின் உச்சியைத் தொட்டுவிட்டேன் என்று, மூன்று வருடமாக உயர்வுக்குப் பதில் வருடத்துக்கு ஒரு தடவை கவரில் கொஞ்சம் பணம்தான். அடிப்படைச் சம்பளம் அசையவே இல்லை. "இன்னா சார், மொய் வெக்கிறியா?" என்று கிளார்க் சேவியர் சாரைக் கலாய்ப்பேன்.

இன்று ஒரு காகிதத்தை நீட்டினார். "மேரிம்மா, இனிமே நீ ஆபீஸ் அசிஸ்டெண்ட். வருஷா வருஷம் பேசிக்லயே ஏறும், ரிட்டயர் ஆவும்போது வர்ற பணமும் கூடும். ஆனா கவர் கெடையாது. மணியும் வேற ஆள் அடிப்பாங்க."

இந்த வருடம் ஏறும் தொகை கவரில் வந்ததைவிடக் குறைவுதான். இருந்தாலும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடுவதற்குள் மணி மூன்றரை, பள்ளி விடும் நேரம். கால் தானாக ஓடியது. நானே மணியை அடித்துவிட்டேன்.

"ஏம்மா அசிஸ்டெண்ட்டு!" என்று சார் தலையில் கை வைத்தார்.

"நான் திருப்பி வெக்கிற மொய் சார் இது" என்றேன்.

நாளைக்கு மூன்றரைக்கு என்ன செய்வேனோ.