ஒரு தாள் இடைவெளி

நியூ லின், ஆக்லாந்து
12.10.1997

அன்புள்ள கம்சாயினி,

உமது தலையிடி குறைந்ததா? பிள்ளையின் இருமல் நின்றதா? எனக்கு எரிச்சலைத் தவிர ஒரு குறையும் இல்லை. நான் வேலை செய்வது வேட்டைத் துவக்குகள் விற்கும் கடையில். மான் சுடத்தான், பயப்பட வேண்டாம். அங்கே வெள்ளவத்தையில் பொலிஸ் விசாரித்தால் நீர் கண்ணாடிக் கடை என்று சொல்லும். அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் கொழும்புக்கு வரும் சுகந்தினி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

துவக்கின் மேல் தொலைநோக்கி பூட்டுவது என் வேலை. அதைத் தாங்கும் வளையம் உயரமில்லாமல் பதிவாக இருக்க வேண்டும். தொலைநோக்கிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தாள் போய்வந்தால் போதும். போன கிழமை ஒரு மனுசன் என் சொல்லைக் கேளாமல் உயரமான வளையம் வாங்கிப்போய், தானே கண்ணுக்குக் கிட்டப் பூட்டியிருக்கிறார். சுட்டதும் துவக்கு உதைத்துப் புருவம் கிழிந்துவிட்டது. நேற்று பிளாஸ்டரோடு வந்து என்னைத் திட்டுகிறார்! "ஓம் ஐயா, பிழை என்ரதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பதிந்த வளையத்தில் மாற்றிப் பூட்டிக் கொடுத்தேன்.

அக்கா திரும்பும்போது மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். இதை வாசித்ததும் எரித்துவிடும்.

இடைவெளி பார்க்க நான் செருகுவது சட்டைப் பையில் இருக்கும் உமது நீலக் கடிதத்தைத்தான். பிள்ளை நடக்கத் தொடங்கியதாக நீர் எழுதிய வரி எண்ணெய் பட்டு அழிகிறது. அதற்குப் பிறகு வேறு தாள் வரவில்லை.

பஸ் வந்துவிட்டது.

யசீகரன்