அட்டையில் இருந்த ஆறு எழுத்து

அபாங், மலாய் மொழியில் அண்ணன் என்று இப்படி உங்களைக் கூப்பிட்டவன் எழுதுகிறேன்.

இன்று சுங்கை பட்டாணி டவுனில் கண் கிளினிக்குக்குப் போனேன். அன்று தோட்ட ஆஸ்பத்திரியில் அடித்த அதே மருந்து நெடி. எதிர்ச் சுவரில் அதே எழுத்து அட்டை. என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது: "ஈ, எஃப், பீ, டீ, ஓ, ஸெட்..."

"தாத்தா, நான் இன்னும் கேக்கவே இல்லை லா," என்று நர்ஸ் சிரித்தாள்.

மலாயாக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில், பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் மூன்றாம் வகுப்பு வரை படித்த பால்வெட்டுக்காரன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே என்னிடம் யோசனை கேட்பார் என்று சொல்லித் திரிந்தவன். நீங்கள் காட்டுப் பூர்வகுடி. எங்கள் லயத்து வீடுகளுக்குத் தேன் கொண்டுவந்தே தமிழ் பழகியவர். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று சிப்பாய்கள் உங்கள் சனத்தைக் காட்டிலிருந்து இறக்கிக் கம்பி வேலிக்குள் வைத்தார்கள். அங்கேதான் உங்கள் பார்வை மங்கியது. "தேன் மரம் ஏற முடியலன்னா, திரும்பக் காட்டுக்குப் போய் என்ன செய்வேன்?" என்று கேட்டீர்கள்.

தோட்ட ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக்கார டாக்டர் கண் பார்க்க வருகிறார் என்றதும், நீங்கள் வெளியே வர அனுமதிச் சீட்டு வாங்கியது நான்தான். துரை மேசையைத் தட்டி வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் காலில் விழாத குறைதான்.

அத்தோடு விட்டேனா? ஆஸ்பத்திரிச் சுவர் அட்டையிலிருந்த எழுத்துகளைப் பலகையில் கரியால் எழுதி, வேலிக்கு வெளியே நின்று மூன்று நாள் உங்களை உருப்போட வைத்தேன்.

"கண்ணு தெரியலன்னு சொல்லத்தானே போறேன் தம்பி? இது எதுக்கு?"

"உங்களுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது அபாங். பதில் சொல்லலன்னா வெளிய அனுப்பிருவான். சரியாச் சொன்னாத்தான் மருந்து."

ஓர் எழுத்தும் தவறாமல் ஒப்பித்தீர்கள். டாக்டர் வியந்து பார்த்தார். "நான்தான் படிக்க வச்சேன் சார்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஊரடங்குக்கு முன் அவர் லாரி கிளம்ப வேண்டும். 'கண் நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசலில் கேட்டீர்கள்: "மருந்து எங்க, தம்பி?"

மறுபடியும் கிராணியிடம் ஓடினேன். "நல்ல கண்ணுன்னு டாக்டரே எழுதிட்டாரு. இன்னொரு சீட்டு எதுக்குடா?" என்றார். அடுத்த மழைக்குள் உங்களுக்கு முழு இருட்டு. என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை. வேலியை எடுக்கும் முன்பே, அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

இந்தக் கதையை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். டாக்டர் எழுந்து உங்கள் கையைக் குலுக்கினார் என்பேன்; காப்பி கொடுத்தார் என்பேன். வாசலில் நீங்கள் கேட்டதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இன்று நர்ஸ் குச்சியால் அட்டையைத் தொட்டாள். என் கண்ணுக்கு வெறும் புகை. ஆறு எழுத்தும் நாக்கு நுனியில் நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, "தெரியலம்மா," என்றேன்.

அவ்வளவுதான், அபாங். விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.