சப்டைட்டில் வராத பெட்டி

என் அன்புக்கும் என் ஆத்திரத்துக்கும் ஒரே ஆளாக இருந்தவரே,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் உங்களுக்கென்ன குறை? இங்கே நான்தான் ஒரு பெட்டி வாங்கப் போய்ப் படாத பாடு பட்டுவிட்டேன். அதைச் சொல்லித் திட்டுவதற்கு உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பெட்டி என்றால் உங்களுக்கே புரியும். வீட்டு வைஃபையோடு சேர்த்து ஒரு மூலையில் வைத்துவிட்டால், உள்ளே இருக்கிற படங்களை வீட்டின் எந்தத் திரையிலும் பார்க்கலாம் என்பீர்களே, அந்த ‘நாஸ்’. உங்கள் ஹார்டுடிஸ்க்குகளை எல்லாம் அதில் கொட்டி, நம் மகள் கயலின் கேம் கன்சோல் வழியாக டிவியில் பார்ப்பது என்று உங்கள் திட்டம். திட்டத்தோடு உங்கள் வேலை முடிந்தது. ஒரு டிஸ்க் போடுகிற மாதிரியா, இரண்டா? இந்த மாடலா, அடுத்து வரப்போவதா? சாப்பிடும்போதுகூடப் போனில் அதைப் பற்றித்தான் வீடியோ. “கொஞ்சம் பொறு செல்வி, புதுசு வருதாம், இது விலையும் கம்மியாயிடும்” என்றீர்கள். புதுசு வந்தது. அதற்கும் அடுத்தது வந்தது. மார்வலி என்று ஆபீசிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள்தான் வீடு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்கள் டிராக்டர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கம்பெனிப் பொருள், நான் என்ன சொல்ல முடியும்? அதை டிவியில் மாட்டித்தான் நம் மகளுக்கு இத்தனை வருஷம் படம் காட்டினீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்காக, ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் நீங்களே உட்கார்ந்து தமிழில் சப்டைட்டில் அடித்தீர்கள் என்பது தெரியுமா?

லேப்டாப் போனதும் கயல் டிஸ்க்கை நேராகக் கன்சோலில் சொருகிப் பார்த்தாள். படம் ஓடியது. எழுத்து வரவில்லை. நீங்கள் எழுத்தைத் தனி ஃபைலாக வைத்திருந்தீர்களாம், கன்சோலுக்கு அதைப் படிக்கத் தெரியாதாம். எந்த டிஸ்க்கிலாவது வராதா என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சொருகியதில் ஒன்று கை நழுவித் தரையில் விழுந்துவிட்டது. அதிலிருந்து அது ‘டக் டக்’ என்று அடித்துக்கொள்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. அந்தச் சத்தம் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? மேலே விரலை வைத்துப் பார்த்தாள். “துடிக்குதும்மா. உயிரோடதான் இருக்கு” என்று கையால் சொன்னாள்.

 

மிச்ச டிஸ்க்குகளாவது பிழைக்கட்டும் என்றுதான் பெட்டி வாங்கக் கிளம்பினேன். முதலில் உங்கள் தம்பியிடம் யோசனை கேட்டேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்கிறார்:

“எதுக்கு அண்ணி இந்தத் தலைவலி? எல்லாத்தையும் க்ளவுட்ல ஏத்திடுங்க.”

“பௌர்ணமி வந்தா இந்த ஊர்ல போனே பேச முடியாது சுந்தர். கிரிவலக் கூட்டம் ஊரை விட்டுப் போறவரைக்கும் என் பொண்ணு திரையில வட்டம் சும்மா சுத்தறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?”

“அப்ப புது டிவி வாங்கிடுங்க. கன்சோலே வேணாம்.”

“கன்சோல்லதான் பாப்பேங்கறா. அவங்க அப்பா வாங்கிக் குடுத்தது.”



ஒரு சனிக்கிழமை நானும் கயலும் வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. நான் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஜாஸ்தி போறது இதுதான் மேடம்.”

“கேம் கன்சோல்ல பாக்கணும். சப்டைட்டில் கண்டிப்பா வரணும்.”

“எல்லாம் வரும் மேடம்.”

கயல் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கைகள் பரபரவென்று பேசின. “ப்ராசஸர் என்னன்னு கேளும்மா. கன்சோலுக்கு எழுத்து படிக்கத் தெரியாது. பெட்டிதான் படத்து மேலேயே எழுத்தை ஒட்டி அனுப்பணும். அதுக்குப் பெட்டிக்குத் தெம்பு வேணும். இதுக்கு இல்ல.”

நான் அதை அப்படியே கேட்டேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். “அதெல்லாம் பெரிய ஆபீசுக்குத்தாங்க. வீட்டுக்கு இதுவே ஜாஸ்தி.”

கடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கிவிட்டேன். திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவளால் கையால் பேச முடியவில்லை. அதனால் வழியெல்லாம் என் முதுகைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்துப் போட்டால் படம் வந்தது, எழுத்து வரவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தால் அது கன்சோல் கோளாறு என்றார். மறுபடி செய்தால் டிவி கோளாறு. அதற்கப்புறம் நம் வைஃபைக்கும் ஒரு கோளாறு கண்டுபிடித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போனேன்.

“நானும் ஒரு ஆபீசுலதாங்க வேலை பாக்குறேன். ‘இது எங்க செக்‌ஷன் இல்ல’ங்கிற பேச்சை எனக்கேவா சொல்றீங்க? எம் பொண்ணு அன்னிக்கே சொன்னா. நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. இப்ப அவ சொல்ற பெட்டிய வரவழைச்சுக் குடுங்க.”

கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பழையதை எடுத்துக்கொண்டார். கயல் சொன்னது கொஞ்ச நாளில் வந்து சேர்ந்தது. இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி. ஒன்று போனாலும் அதே படங்கள் இன்னொன்றில் இருக்கும். இத்தனை வருஷம் நீங்கள் முடிவு செய்யாததை உங்கள் மகள் ஒரு வாரத்தில் முடிவு செய்துவிட்டாள், தெரியுமா?

அதோடு தொல்லை விட்டதா என்றால் இல்லை. எழுத்து வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக வந்தது. படம் முழுக்க ஆளாளுக்குக் கட்டமாகப் பேசுகிறார்கள். “பெட்டியில தமிழ் ஃபாண்ட் இல்லம்மா. போட்டா வரும்” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துக்கொண்டு ஏதேதோ செய்தாள். தமிழ் வந்தது. அப்புறம் படம் திக்கித் திக்கி ஓடியது. வைஃபை டிவி இருக்கிற பின்ரூம் வரைக்கும் சரியாக எட்டவில்லையாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, நீங்கள் ஆசைப்பட்டுப் பெயின்ட் அடித்த சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தோம். கோபப்படாதீர்கள். கோபப்பட வேண்டியது நான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இத்தனை பாடுபட்டு வரவழைத்த எழுத்தாயிற்றே, நான் படத்தைப் பார்க்காமல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது கேட்கிறவள் எதற்காக சப்டைட்டில் படிக்கப்போகிறாள்? இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் படித்ததில்லை. கதாநாயகி பேசி முடித்தாள். கீழே பிராக்கெட்டுக்குள் ஒரு வரி வந்தது.

‘(இப்ப வயலின் வாசிக்கறாங்க. ரொம்ப நேரமா வாசிக்கறாங்க. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.)’

கயல் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

‘(குக்கர் விசில். இது படத்துல இல்ல, நம்ம வீட்ல.)’

பிறகு, ‘(வெளிய மழை ஆரம்பிச்சிருக்கு.)’ அதற்கப்புறம், ‘(அம்மா கூப்பிடறாங்க. காதுல விழாத மாதிரி இருக்கேன்.)’

கடைசியில் தாயும் மகனும் சேருகிற காட்சி. ‘(கயல், திரும்பி அம்மாவைப் பாரு. அழ ஆரம்பிச்சிருப்பாங்க.)’

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன், ஆனால் அந்தத் தாய்க்காக இல்லை.

ஏங்க, என்னிடம் ஏன் சொல்லவில்லை? நீங்கள் சப்டைட்டில் அடிக்கிற நேரத்தில் அடுப்படியில் நின்று நான் கத்துவது, குக்கர், மழை எல்லாவற்றையும் அவளுக்கு எழுதி வைத்தீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அப்பாவும் பெண்ணும் என்னை வைத்துக்கொண்டே என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். “உனக்குத் தெரியும்னுதாம்மா நெனச்சேன்” என்கிறாள் அவள். விழுந்து கெட்ட டிஸ்க்கில் இன்னும் என்னவெல்லாம் எழுதியிருந்தீர்களோ? சென்னைக்கு அனுப்பிப் பார்த்தேன், எடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அது போனது போனதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கடைசியாகச் செய்துகொண்டிருந்த படத்தில் இடைவேளை தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும்தான் எழுத்து இருக்கிறது. ஒருத்தன் கதவைத் தட்டி, திறந்த பெண்ணிடம் ஏதோ கேட்கிறான். அந்தக் கேள்வி வரைக்கும் அடித்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் இல்லை. கயல் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அவங்க என்னம்மா சொன்னாங்க?”

போனிலேயே சப்டைட்டில் அடிப்பது எப்படி என்று அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். என் வேகத்துக்கு ஒரு சீன் முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ‘எழுத்து லேட்டா வருது’, ‘வரி நீளமா இருக்கு’ என்று அவள் குறை வேறு. எப்படித்தான் இத்தனை படத்துக்கு அடித்தீர்களோ! இருந்தாலும் அந்தப் படத்தை முடித்துவிடுவேன், இது சத்தியம். பிராக்கெட்டுக்குள்ளும் எழுதுவேன். உங்கள் மாதிரி எனக்குத் தமாஷாக எழுத வராது. நம் வீட்டில் கேட்கிற சத்தத்தை எழுதுவேன். இனிமேல் அவளுக்கு அதைச் சொல்ல நான்தானே இருக்கிறேன்?

உங்கள்மேல் கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி, கயலின் அம்மா,
செல்வி