உள்ளே கேட்கிறது

நேற்று என் மகள் பேத்திக்கு இருமல் மருந்து ஊற்றினாள். மூடியைத் திறந்ததுமே நீ வந்துவிட்டாய். நம் ஆழ்வார்பேட்டை மாடியறையில் உன் சட்டை, தலையணை எல்லாமே அந்தத் தித்திப்பு வாசனைதான் அடிக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். நீ ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத்தில் நின்றாய், நான் தி. நகர் ஜவுளிக்கடையில் துணி கிழித்தேன். போகிற வழியில் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் நீ வேலைக்குப் போவாய். மேட்டில்கூட சைக்கிளை விட்டு இறங்க விடமாட்டாய். "குந்து நைனா, நீ இன்னா கருங்கல்லா?" என்பாய். உன்னை மாதிரி ஒரு சிநேகிதன் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

இருமலுக்கென்று வாங்கிய மருந்து, இருமல் போன பிறகும் உன்னை விடவில்லை. போதைக்காகத் தினமும் புட்டி புட்டியாகக் குடித்தாய். ஒருநாள் நீயே எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து படுத்தாய். நான்கு மாதம் தொடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி தொட்டுவிடுவாயோ என்று பயமும் தாங்கவில்லை. அதனால் தினமும் திட்டினேன். பட்டறையில் மேஸ்திரி கத்துவார், அறையில் நான்.

ஒரு சாயங்காலம் சொன்னாய்: "திட்டாத நைனா. நீ திட்டினா உள்ள கேக்குது."

மடையன் நான். என் பேச்சு உனக்கு உள்ளே உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் உரக்கக் கத்தினேன். "வெக்கமா இல்ல உனக்கு?" அந்த வாரமே மறுபடி புட்டியைத் திறந்தாய். அடுத்த மழைக்காலத்தில் செத்தே போய்விட்டாய்.

மகள் டாக்டர். நேற்றுதான் அவளிடம் உன்னைப் பற்றி முதன்முதலாகச் சொன்னேன். மூடியைத் திருகிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"உங்க பேச்சு கேக்குதுன்னு அவர் சொல்லலப்பா. உடம்பு உள்ள மருந்தைக் கேக்குதுன்னு சொல்லியிருக்கார். மனசு உளைஞ்சா மூளையில ஒரு ஹார்மோன் ஏறும். விட்ட போதையை அது திரும்பக் கேக்க வைக்கும்."

இத்தனை வருடம் உன் மனவுறுதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே.

மருமகன் சிகரெட்டை விட்டு மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஆபீசிலிருந்து கடுகடுவென்று வந்தார். மற்ற நாளாக இருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்காருங்க மாப்ளே" என்றேன். அவ்வளவுதான்.

குந்து, குந்து என்று என்னிடம் எத்தனை முறை சொன்னாய். நான் உன்னிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாமடா.